பன்னிரண்டரைக்குள் ஒரு பெயர்

"உன்னை நீயே வித்துட்டு வா," என்றார் அத்தா.

ஜுருவில் பழைய கார் விற்கும் கடையில் இருபது வருடமாக சேல்ஸ்மேன் அவர். எதைப் பேச ஆரம்பித்தாலும் அது கடைசியில் கார் வியாபாரத்தில்தான் வந்து நிற்கும். ஜார்ஜ் டவுன் போகும் படகு ஏற பட்டர்வர்த் ஃபெரி முனையில் என்னை இறக்கிவிட்டபோதும், "எஞ்சின்ல ஒழுகுற எடத்தப் பத்தி நீயா வாயத் தொறக்காத ஹுஸ்னா. கேட்டா மட்டும் சொல்லு," என்று சேர்த்துக்கொண்டார். பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்தான். எனக்கு அத்தா மேல் எரிச்சல், லாரிக்காரன் மேல் அதைவிட எரிச்சல். காலையில் எழுந்ததிலிருந்தே நான் அப்படித்தான் இருந்தேன்.

பயம்தான், வேறென்ன. பல்கலைக்கழகத்தில் எனக்குக் கடைசி வருடம். எங்காவது ஒரு செய்தி நிறுவனத்தில் பதினாறு வாரம் பயிற்சி எடுத்தால்தான் பட்டம். நாலு இடத்துக்கு எழுதினேன். மூன்று பேர் பதில்கூடப் போடவில்லை. நாலாவது இடம் நாட்டிலேயே பெரியது. மூன்று மொழியில் செய்தி போடுகிறவர்கள், ஜார்ஜ் டவுனில் கிளை வைத்திருக்கிறார்கள். அவர்கள்தான் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் "இவளை எடுத்துக்கொண்டோம்" என்ற கடிதம் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லையென்றால் எனக்கு ஆறு மாதம் தண்டம். கூடப் படித்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள், நான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து அத்தாவின் கார் கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆபீஸில் எனக்கு முன்னாலேயே ஒருத்தன் வந்து உட்கார்ந்திருந்தான். பெயர் ஹைக்கல். கழுத்தில் கேமரா, காலில் முகம் பார்க்கிற மாதிரி ஷூ. "ஒரு எடந்தானாம், தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பார்த்ததுமே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஷாஹிரா என்பவர் ஆள் எடுக்கும் பிரிவு. இன்னொருவர் தயாளன், கிளையின் தலைமை ஆசிரியர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிறவர். ஊடகத்தின் சமூகப் பொறுப்பு பற்றி நான் ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டு வைத்திருந்ததை இரண்டு வரி சொன்னதுமே கையைத் தூக்கினார்.

"அதெல்லாம் எங்களுக்கும் தெரியும்மா. இப்ப ஒம்பதரை. ரெண்டு பேரும் வெளிய போங்க. ரோட்டுல ஒரே ஒரு ஆளப் புடிங்க, ஒரே ஒரு கதை. பதினொண்ணுக்கு வந்து முந்நூறு வார்த்தை எழுதிக் குடுங்க. பன்னெண்டரைக்கு பாதி ஆபீஸ் ஜும்ஆ தொழுகைக்குப் போயிரும். அதுக்குள்ள யாருன்னு சொல்லிர்றோம்."

"பிரஸ் பாஸ் ஏதாச்சும் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டான் ஹைக்கல்.

"வேணாம்லா. யாரு, எங்கேருந்து வர்றோம்னு மொதல்ல சொல்லிட்டுப் பேசுங்க. அது போதும்."

ஹைக்கல் நேராக மீன் சந்தைப் பக்கம் நடந்தான். அவனுக்கு எங்கே போவதென்று தெரிந்திருந்தது. நான் எதிர்ப்பக்கம் நடந்தேன், அவன் போகாத பக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். பழைய கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றி வைத்திருக்கும் தெரு, அவ்வளவுதான். அந்த ஹோட்டல் இப்போது கைமாறிவிட்டது, அங்கே வேலை பார்த்த அக்காவும் மகளோடு ஈப்போ போய்விட்டார், அதனால்தான் இதை எழுதவே செய்கிறேன்.

அக்காவைக் கண்டுபிடித்தது என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அரை மணி நேரம் அலைந்தும் ஒருவரிடமும் பேசத் துணிச்சல் வரவில்லை. பதற்றத்தில் எனக்கு அவசரமாகக் கழிவறை போக வேண்டியிருந்தது. ஹோட்டலின் பின்சந்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சீருடைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் தேத்தண்ணி.

"அக்கா, இங்க டாய்லெட் எங்கக்கா இருக்கு?"

என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "அலாமாக்! வா வா, இப்படிப் பின்பக்கமா வா. மேனேஜர் பாத்தா கத்துவான், சீக்கிரம் போயிட்டு வா."

திரும்பி வந்தபோது எனக்கும் ஒரு கப் தேத்தண்ணி வைத்திருந்தார். இன்னொரு வாளியையும் கவிழ்த்துப் போட்டிருந்தார்.

"இந்தப் பக்கம் என்ன வேலையா வந்தேம்மா?"

"இண்டர்வியூக்குக்கா."

"என்ன வேல?"

"ஆபீஸ் வேலதான்க்கா," என்றேன்.

அப்போது அதில் எந்தத் திட்டமும் இல்லை, சத்தியமாக. விளக்கம் சொல்லச் சோம்பல், அவ்வளவே. ஆனால் அக்கா பேச ஆரம்பித்தார். பேசப் பேச, இதுதான் கதை, இதுதான் எனக்கு வேண்டிய கதை என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் வாய் மூடிக்கொள்வாரே என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அக்கா பிறந்து வளர்ந்ததே அந்த ஹோட்டல் கட்டடத்தில்தான். அப்போது அது வாடகை வீடு. கீழே ஒரு சீனர் குடும்பம், மேலே மூன்று தமிழ்க் குடும்பங்கள். தெருவைப் பார்த்த மாடி அறை அக்கா வீட்டினுடையது. ஏழு பேர் அந்த ஓர் அறையில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. பிறகு வீட்டை விற்றுவிட்டார்கள். எல்லாரையும் காலி பண்ணச் சொன்னார்கள். அக்கா குடும்பம் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடிக்குப் போனது. இருபது வருடம் கழித்து, துப்புரவு வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஏஜென்ட் அனுப்பி வைத்த இடம் இதே வீடு.

"உள்ள நொழஞ்சதும் காலு தானா மாடிக்குப் போவுது! மேனேஜர், 'ஆன்ட்டி, எங்க போறீங்க?'ங்கறான். என்னன்னு சொல்ல?" என்று சிரித்தார். "அந்த ரூமுக்கு இப்ப பேரெல்லாம் வச்சிருக்கான். மசாலா யாவாரி தங்கின ரூமாம். ஒரு பேப்பர்ல அடிச்சி மேசையில வச்சிருக்கான். வெள்ளக்காரன் எல்லாம் படிச்சிட்டு போட்டோ எடுக்குறான். எங்கப்பா லுங்கியோட கெடந்த எடம்மா அது! யாவாரியாம்!"

நானும் சிரித்தேன். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிறாத. ஆளு காலி பண்ணிட்டுப் போனதும், மெத்தத் துணி மாத்துறதுக்கு முன்னால, கதவச் சாத்திக்கிட்டு அஞ்சு நிமிசம் அந்தக் கட்டில்ல படுப்பேன். மேல உத்தரத்துல எந்தம்பிக்குத் தொட்டில் கட்டுன தழும்பு இன்னும் இருக்கு. அதப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். அப்புறம் எந்திரிச்சி வேலையப் பாப்பேன்."

யார்கிட்டயும் சொல்லிறாத என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். அரை மணியில் முடித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படி எழுதினதே இல்லை. ஹைக்கல் மீன் சந்தையில் ஒரு சீனக் கிழவரைப் பிடித்திருந்தான். பெயர், வயது, தொலைபேசி எண், படம், எல்லாம் பக்காவாக இருந்தது. கதைதான் சப்பென்று இருந்தது. அதை அவனே ஒத்துக்கொண்டான்.

தயாளன் சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு என்னுடையதைப் படித்தார். மறுபடி மேலே போய் முதலிலிருந்து படித்தார்.

"நல்லா இருக்கு," என்றார். ஷாஹிரா பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லா இருக்கு. மூணு மொழியிலயும் போடலாம், ஞாயித்துக்கிழமைக்கு," என்றார். எனக்குக் காது சுட்டது. "ஆமா, இந்தம்மா பேரு என்ன?"

"அக்கா..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

ஒரு மணி நேரம் ஒருவரோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன். அவர் தம்பிக்கு எங்கே தொட்டில் கட்டினார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். பெயர் தெரியாது! அக்கா என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்ட பிறகு, "உங்க பேர் என்ன?" என்று எப்படிக் கேட்பது? எங்கள் மாடியில் இருக்கும் கோடி வீட்டு அண்ணன் பெயரே எனக்குத் தெரியாது. பத்து வருடமாக அவர் கோடி வீட்டு அண்ணன்தான்.

ஷாஹிரா சிரித்துவிட்டார். தயாளன் சார் சிரிக்கவில்லை. "நம்மாளுங்க எல்லாரும் பண்ற தப்புதான். நானும் மொத வருசத்துல பண்ணியிருக்கேன். ஆனா பேரில்லாத ஆளப் போட்டா, எழுதுனவ கட்டிவிட்ட கதைன்னுருவாங்க. பேரும் வயசும் வேணும். ஓடு. பன்னெண்டரைக்குள்ள கொண்டாந்துட்டா எடம் ஒனக்குத்தான்."

ஓடினேன். பாஜு கூரோங் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடினேன். அக்கா அதே வாளியில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்போதுதான் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, வேல கெடச்சிருச்சா?"

"கெடச்ச மாதிரிதான்க்கா. ஒங்க பேரு மட்டும் வேணும்."

"எம் பேரா? எதுக்கு?"

சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"ஆபீஸ் வேலன்னுலா சொன்ன."

"செய்தி ஆபீஸுக்கா." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் ஒங்கிட்டல்ல சொன்னேன். பேப்பர்கிட்டயா சொன்னேன்?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மெதுவாகக் கேட்டார். "படுக்குறதையும் எழுதிட்டியா?"

"ம்."

அக்கா மாடியை அண்ணாந்து பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பேரு குடுக்கலன்னா என்னாவும்?"

"எடம் அந்தப் பையனுக்குப் போயிரும்."

"ஒனக்கு?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன். ஐந்து மணிக் கடிதம், ஆறு மாதம், பட்டம், எல்லாம். சொல்லும்போது குரல் வேறு உடைந்துபோனது. அக்கா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எழுதிக்க."

பெயரைச் சொன்னார். அப்பா பெயரையும் சேர்த்து முழுசாகச் சொன்னார். வயதைச் சொன்னார். நான் நோட்டை மூடப்போனபோது அவர் நிறுத்தவில்லை. அடையாள அட்டை எண்ணை மடமடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தார்.

"ஐ.சி. நம்பரெல்லாம் வேணாம்க்கா."

"எழுதிக்கம்மா. அப்புறம் அது கொற, இது கொறன்னு ஒன்னயத் திருப்பி அனுப்பிருவானுங்க."

பன்னிரண்டு இலக்கத்தையும் எழுதிக்கொண்டேன். "எப்ப வரும்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். "சரி போ, நேரமாச்சு," என்றார்.

திரும்பி நடக்கும்போது சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தாவுக்கு என்னவென்று மெசேஜ் அனுப்பலாம் என்றுகூட யோசித்தேன். பெரிய ரோட்டைக் கடக்கச் சிவப்பு விளக்குக்காக நின்றபோது, பெயர் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்க நோட்டைத் திறந்தேன். அந்தப் பன்னிரண்டு இலக்கமும் கண்ணில் பட்டது.

நான் கேட்காததையும் ஏன் கொடுத்தார்? அரசாங்கக் கவுண்டரில் நிற்கும்போது என் அம்மா அப்படித்தான் செய்வார். பெயரைக் கேட்டால் ஐ.சி. எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். பயப்படுகிறவர்கள்தான் கேட்காததையும் சேர்த்துக் கொடுப்பார்கள். கட்டிலில் படுப்பது பேப்பரில் வந்தால் தன் வேலை போய்விடும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தார். கழிவறை எங்கே என்று கேட்டு வந்த யாரோ ஒரு பெண்ணுக்காக! பச்சை விளக்கு விழுந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டாவது பச்சைக்குத்தான் கடந்தேன்.

ஆபீஸுக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு பத்து. கணினியில் என் கதை திறந்தே இருந்தது. பெயர் வர வேண்டிய இடத்தைத் தயாளன் சார் மஞ்சளாக்கி வைத்திருந்தார்.

"கெடச்சுதா?"

"பேர மாத்திப் போட முடியுமா சார்?"

"பேர மாத்துவ. ரூம மாத்துவியா? உத்தரத்த மாத்துவியா? அந்த ஹோட்டல்ல ரூம் கூட்டுற தமிழ்ப் பொம்பள எத்தன பேரு?"

"அவங்க ஒருத்தர்தான்."

"அப்புறம்?" கண்ணாடி வழியாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ யாருன்னு சொல்லிட்டுத்தான பேசுன?"

"இல்ல சார்."

ஷாஹிரா பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்பப் போய்ச் சொன்னேன்," என்றேன். "பேரு குடுத்துட்டாங்க. ஆனா அத நான் தர மாட்டேன்."

"அதான் இப்பத் தெரிஞ்சுதான குடுத்திருக்காங்க? சட்டப்படி ஒண்ணும் தப்பில்லியே?"

"பேப்பருக்குக் குடுக்கல சார். எனக்கு வேல கெடைக்கட்டும்னு குடுத்தாங்க. வந்தா அவங்க வேல போயிரும்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பாராட்டுவாரோ என்று ஒரு நொடி நான் நினைத்தேன், பொய் சொல்ல விரும்பவில்லை. தலையைத் தட்டிக்கொடுத்து, இவள்தான் எனக்கு வேண்டியவள் என்று சொல்வாரோ என்று நினைத்தேன்.

"அப்பக் கதை இல்ல," என்றார்.

"இல்ல சார்."

நானே அழித்தேன். முந்நூறு வார்த்தையும் போக ஒரு விநாடிதான் ஆனது. "ரெண்டு ஆளு, ஒரு கதை, எங்களுக்கு வேற வழியில்லம்மா," என்றார் தயாளன் சார். "நல்லா எழுதுற. ஆனா மொதல்ல சொல்ல வேண்டியத மொதல்ல சொல்லிருந்தா, அந்தம்மாவே பேப்பர்ல வரலாம்கிறத மட்டும் சொல்லிருப்பாங்க. அந்தக் கதையே போதும் எனக்கு." அவர் சொன்னது அத்தனையும் சரி. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஹைக்கலுக்கு இடம் கிடைத்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று, "ஒங்க கதைதான் நல்லாருந்துச்சு," என்றான். "போடா," என்றேன். சிரித்தான். தொழுகைக்கு நேரமாச்சு என்று படியில் இறங்கி ஓடினான்.

நேரே ஃபெரிக்குப் போயிருக்கலாம். கால் மறுபடி அந்தச் சந்துக்குத்தான் போனது. ஞாயிற்றுக்கிழமை வரை அவரைக் காத்திருக்க விட முடியாது. மணி ஒன்றாகப் போகிறது. அக்கா அதே வாளியில் உட்கார்ந்திருந்தார். பொட்டலம் கீழே வைத்த இடத்திலேயே, கட்டின ரப்பர் அவிழாமல் இருந்தது.

"என்ன இன்னும்? பேங்க் நம்பர் வேணுமாமா?"

"வராதுக்கா. ஒங்க பேரு வராது, கதையும் வராது. அழிச்சிட்டேன்."

அக்கா எழுந்துவிட்டார். "என்னது? ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? நாந்தான் போட்டுக்கன்னு சொன்னேன்ல? ஆறு மாசம்னு என்கிட்ட வந்து அழுதியே, இப்ப அது என்னாவும்? படிச்ச புள்ள பண்ற வேலையா இது? ஒங்கம்மா கேட்டா என்னன்னு சொல்லுவ?" சந்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டினார். நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து நீட்டினேன்.

திட்டிக்கொண்டே வாங்கினார். தன் பெயரையும் அந்த எண்ணையும் பார்த்தார். நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார், அப்போதும் வரவில்லை. நான்தான் வாங்கி இழுத்து மூடிக் கொடுத்தேன்.

அக்கா உட்கார்ந்துவிட்டார். "ஒரு வாய் எறங்கலம்மா," என்றார். திட்டின குரலே இல்லை அது.

கொஞ்ச நேரம் கழித்துப் பொட்டலத்தைப் பிரித்தார். புளிச்சோறு, ஓரத்தில் உருளைக்கிழங்கு. "உக்காரு. வெள்ளிக்கிழம, சைவந்தான்," என்று பாதியை ஒரு தாளில் பிரித்து என் மடியில் வைத்தார். தானும் ஓர் உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நானும் ஓர் உருண்டை எடுத்தேன். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. ஆறு மாதம். போச்சு. அத்தாவிடம் என்ன சொல்வேன்?

"சாப்புட்டுட்டு அழுவு," என்றார் அக்கா.